பழைய தோல் பட்டி – ஒன்று

மூன்று தடவை ரெலிபோனில் சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் நீ சிரித்தாய். முதல் தடவை லைன் சரியில்லை, நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது தடவை நான் சொன்ன விதம் சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாவது தடவை, கொழும்பில், காலி வீதியில் அந்தக் கொமியுனிகேஷன் கடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் நான் வியர்த்தபடி நிற்க, வெளியே நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்து என் வாயையே பார்க்க, நீ அங்கிருந்து ஆறுதலாகச் சொன்னாய்: "அப்பா, இது நூறு வருசத்துச் சாமான். கையில சரியான பேப்பர் இருக்கு. பேப்பர் சரியெண்டா என்ன பயம்?" நான் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அறுந்து போகவில்லை. நான்தான் வைத்தேன். அந்த மாதிரி ஒரு கடைக்குள் நின்றுகொண்டு 'தோட்டா' என்ற சொல்லைத் தமிழில் சத்தமாகச் சொல்ல முடியாது. இது நீ ஊரை விட்டுப் போய் ஐந்து வருடத்துக்குள் மறந்துபோகிற விசயம் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். செய்தியை முதல் பந்தியில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பத்திரிகைத் தொழிலின் விதி. கோபத்தில் ஒரு பந்தி பிந்திவிட்டேன். செய்தி இதுதான். கல்யாணத்துக்கு நீ வரும்போது, நீ அங்கே வாங்கிய அந்தத் தோட்டாப் பட்டியைக் கொண்டு வரக் கூடாது. பெட்டியில் வேண்டாம், கைப்பையில் வேண்டாம், முன்கூட்டித் தபாலிலும் வேண்டாம். அதை விற்றவன் எழுதித் தந்த சான்றிதழும் வேண்டாம். லண்டனில் உன் அறையில் கிடக்கட்டும், அல்லது யாராவது சிநேகிதனிடம் கொடு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் தமிழ்ப் பெடியன் ஒருவனுடைய பெட்டிக்குள் அது இருக்கக் கூடாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. மாப்பிள்ளை இல்லாமல் மண்டபத்தில் நின்று ஆட்களுக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு டொக்டரின் மகள் கொண்டு வருகிறாள். இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். பயணம் போகிறவரிடம் கொடுக்கும் கடிதத்தை ஒட்டுவதில்லை. வாசித்துப் பார்த்து, விருப்பமென்றால் கொண்டு போ என்று திறந்தபடிதான் கொடுக்கிறேன். அதனால் இதில் நான் எழுதுவதை அவள் வாசிப்பாள், அவளுடைய தகப்பன் வாசிப்பார், அதற்கு முன் உன் அம்மா வாசிப்பாள். அம்மா வாசிக்கப் போவதை நினைத்தே இதை இரண்டு தடவை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

நீ அந்தப் பட்டியை வாங்கியது நேசன் மாமாவுக்குக் கொடுப்பதற்கு என்று சொன்னாய். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் குவியலுக்குள் அதைக் கண்டதும் உனக்கு மாமாவின் கதை ஞாபகம் வந்ததாம். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் அதை மாமாவின் கையில் கொடுத்து, 'பாருங்கோ, இதுக்காகத்தானே உங்களைப் பிடிச்சவங்கள், இது அங்க சந்தையில கிடக்கிற சாமான்' என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் போகிறாயாம். உன் மனது நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. உனக்கு அப்போது பதினாறு வயது, அன்றைக்கு நீ பம்பலப்பிட்டியில் ரியூஷன் வகுப்பில் இருந்தாய். மிச்சப் பாதியை இந்தப் பதினொரு வருடமும் நான்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாமாவைப் பிடிக்கக் காரணமான பட்டி எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அந்த நாட்களில் நான் துறைமுகச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொச்சிக்கடையில் பஸ்ஸால் இறங்கி, கோவிலுக்குப் போகிற சனத்துக்குள்ளால் நடந்து, கொட்டாஞ்சேனைப் பக்கம் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி வைத்திருப்பவர்களிடம் போவேன். கப்பல் விளக்கு, கைபிடி உடைந்த தையல் மெஷின், துரைமாரின் பங்களாக்களில் இருந்து வந்த கரண்டி, சட்டம் போட்ட படங்கள் எல்லாம் கிடக்கும். அங்கே பெரியசாமி என்று ஒருவர் இருந்தார். மலையகத்துக்காரர், கிழமை நாட்களில் துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை தூக்குவார், ஞாயிறு இந்த வியாபாரம். ஒரு நாள் அவருடைய சாக்கின் மேல் ஒரு தோல் பட்டி சுருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். "தொர காலத்து சாமான் சார். பங்களாவ ஏலம் போட்டப்ப எங்க மாமனாரு எடுத்தது. குதிரைக்குக் கட்டுறதுன்னு சொன்னாரு" என்றார். குதிரைக்கு அல்ல, அது சிப்பாயின் தோளில் போடுகிற தோட்டாப் பட்டி என்று அவருக்கு நான் திருத்திச் சொன்னேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்புடின்னா எனக்கு எதுக்கு சார் வம்பு? நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்த மனிதனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு நிமிடத்தில் அவருக்கு விளங்கியது எனக்கு விளங்க எட்டு மாதம் எடுத்தது.

உன் பட்டியின் நாலு படங்களோடு நீ எழுதிக் கேட்ட முதல் கேள்வி, அந்த மாதிரிப் பட்டியை எப்படி இனம் காண்பது என்பது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. முதலில் பார்க்க வேண்டியது தோட்டா வைக்கிற இடம். ஒவ்வொரு தோட்டாவாகச் செருகுகிற வளையங்கள் வரிசையாக இருந்தால் அது மிகப் பழையது. துப்பாக்கிக்கு ஒவ்வொன்றாகப் போட்ட காலத்து முறை அது. மூடி வைத்த சின்னப் பைகள் இருந்தால், ஐந்து தோட்டாக்களை ஒரு கிளிப்பில் கோத்துப் போடத் தொடங்கிய பிறகு வந்தது. தோல் இல்லாமல் தடித்த நெசவுத் துணியாக இருந்தால் இன்னும் பிந்தியது. வளையம் உள்ள பட்டியென்றால் அடுத்ததாக உன் விரலை விட்டுப் பார். பெருவிரல் தாராளமாகப் போனால் அது வேட்டைத் துவக்குத் தோட்டாவுக்கு; மலையகத்துத் துரைமார் பலரிடம் அது இருந்தது. சின்னவிரல் மட்டும் போனால் அது ரைஃபிளுக்கு, அதாவது படைக்கு. பிறகு தோலின் பின்புறம் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார். செய்தவரின் பெயர், வருடம், அரசாங்கச் சொத்து என்று காட்ட அம்பு முனை போல ஒரு குறி, இவை அழுத்தியிருக்கும். உண்மையான குறியின் ஓரம் தேய்ந்து தோலோடு தோலாகியிருக்கும். நேற்று அடித்த குறி கூராக இருக்கும். பித்தளைக் கொளுக்கி தோலைத் தொடுகிற இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருக்க வேண்டும். தையல் கையால் போட்டதென்றால் எங்கோ ஓரிடத்தில் ஒரு தையல் சறுக்கியிருக்கும். எல்லாவற்றையும் விட நம்பக்கூடியது வளையத்தின் வடிவம். வருடக்கணக்காகத் தோட்டாவைச் சுமந்த வளையம், வெறுமையாக இருந்தாலும் உருண்டபடியே நிற்கும். ஒரு நாளும் சுமக்காதது தட்டையாகக் கிடக்கும். போலி செய்கிறவன் இதைத்தான் மறப்பான்.

இவ்வளவையும் நான் ஒரே நாளில் படிக்கவில்லை. நூலகத்தில் பழைய புத்தகம் தேடினேன், பழைய படைச் சாமான்கள் தெரிந்த, ஓய்வுபெற்ற பறங்கியர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன், கடைசியில் ஞாயிறு மலரில் அரைப் பக்கம் எழுதினேன். நன்றாக இருக்கிறதென்று ஆசிரியர் சொன்னார். எனக்குப் பெருமை. பட்டியைப் பழைய பத்திரிகையில் சுற்றி, என் மற்றச் சாமான்களோடு ஒரு தகரப் பெட்டியில் போட்டு, முன்னறைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். மூன்று மாதம் கழித்து அந்த முன்னறைக்கு நேசன் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி, இருபத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெளிநாட்டுக்கு விசா பார்த்துக்கொண்டிருந்தார். வந்த அன்றே, வடக்கில் இருந்து வருகிற தமிழருக்கான விதிப்படி, நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் பதிந்தேன். எந்த அறையில் படுக்கிறார் என்று படிவத்தில் ஒரு கோடு இருந்தது. அநேகம் பேர் அதை வெறுமையாக விடுவார்கள். நான் 'முன்னறை' என்று எழுதினேன். எந்தக் கோட்டையும் வெறுமையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நம் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை போட்டார்கள். நம் வீட்டுக்கு வந்தவர் வயதான ஒரு இன்ஸ்பெக்டர். காலையில் இருந்து படியேறி இறங்கிக் களைத்துப் போயிருந்தார். கூட வந்த பொலிஸ்காரி குசினிக்குள் போனாள். அம்மா அங்கே அரிசி வாளியையும் மிளகாய்த்தூள் போத்தலையும் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் நாங்கள் மூன்று பேர்: இன்ஸ்பெக்டர், நான், சுவரோடு இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி நேசன் மாமா. தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார் இன்ஸ்பெக்டர். பட்டியைத் தூக்கிப் பார்த்தார், தூசியை ஊதினார், கட்டிலில் போட்டார். எடுத்துப் போகிற சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். ரேடியோ ஒன்று, பற்றரி நாலு, தேசப்படக் கொப்பி ஒன்று.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பதிவாளரின் மேசைக்கு முன்னால், பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று நின்று, அவர்கள் எழுதுவதைத் தலைகீழாக வாசிக்கப் பழகிவிடுவோம். சிங்களமென்றாலும் இங்கிலிஷென்றாலும் எனக்கு அது கண்ணை மூடித் திறக்கிற வேலை. இன்ஸ்பெக்டர் அடுத்த வரியை எழுதினார். நான் தலைகீழாக வாசித்தேன். 'பழைய தோல் பட்டி – ஒன்று.'

அந்த வரியை அப்படியே விட்டிருக்கலாம். இன்றைய உன்னை விட இளைய ஒருவனுடைய வாழ்க்கை அந்த வரிக்குள் பத்திரமாக இருந்தது. நான் சிங்களத்தில் சொன்னேன், அது வெறும் தோல் பட்டி அல்ல, 'பதரொம்' பட்டி, தோட்டாப் பட்டி என்று. அவர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். வேட்டைக்காரருடையதா என்று கேட்டார். இப்போது யோசித்தால், அந்த மனிதன் எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஓம் என்று ஒரு சொல் போதும். நான் பட்டியைக் கட்டிலில் இருந்து எடுத்தேன். பெருவிரலை வளையத்தில் வைத்துக் காட்டினேன், போகவில்லை. சின்னவிரலை விட்டுக் காட்டினேன், போனது. வேட்டைக்கு அல்ல, இராணுவத்துக்கு, வெள்ளைக்காரர் காலத்தது, இதோ அம்புக்குறி, இதோ வருடம் என்று விளக்கினேன். நான் விளக்கி முடிக்கும் வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுதிய வரியை வெட்டிவிட்டு, கீழே புதிதாக எழுதினார். இராணுவத் தோட்டாப் பட்டி – ஒன்று. எழுதிவிட்டு, இந்த அறையில் யார் படுக்கிறது என்று கேட்டார். பெட்டி என்னுடையது, பட்டி என்னுடையது என்று நான் சொன்னேன். அதை மட்டும் உடனே சொன்னேன், அது உண்மை. அவர் பதிவுப் படிவத்தைப் புரட்டி 'முன்னறை' என்ற சொல்லில் விரலை வைத்தார். மாமாவை உடம்புக்கு ஒரு சேட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அம்மா குசினியில் இருந்து வெளியே வந்தபோது ஜீப்பின் சத்தம்தான் கேட்டது.

அன்றிரவு அம்மா அழுதபடி கேட்டாள், ஏன் பிடித்தார்கள் என்று. பட்டியைக் கண்டுவிட்டார்கள் என்றேன். அது பொய்யல்ல. பதினொரு வருடமும் நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யல்ல, அதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிறது. பழையது, வெள்ளைக்காரனுடையது என்று நிறுவிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை. ஒரு ஆள் என் கண்ணுக்கு முன்னால் ஒரு சாமானின் பெயரைப் பிழையாக எழுதுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான் விசயம்.

பிறகு நான் செய்ததைத்தான் நீ கண்டாய். எட்டு மாதமும் அப்பா ஓடி ஓடிக் கடிதம் சேர்த்தார் என்று உன் சிநேகிதர்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய், எனக்குத் தெரியும். நூதனசாலையில் வேலை செய்த ஒருவரிடம் ஒரு கடிதம். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரிடம் ஒரு கடிதம். பறங்கியரிடம் ஒன்று. என் ஞாயிறு மலர்க் கட்டுரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, அதற்குச் சமாதான நீதவானின் கையொப்பம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி, புதுக்கடை நீதிமன்றப் பக்கம் சட்டத்தரணியிடம் கொண்டுபோவேன். அவர் ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். ஒரு நாள் சொன்னார்: "ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கொண்டு வாற ஒவ்வொரு கடிதமும் அது தோட்டாப் பட்டிதான் எண்டு நிரூபிக்குது. அவங்களும் அதைத்தானே சொல்லுறாங்கள்." நான் வயதைப் பற்றி விளக்கினேன். நூறு வருசம் பழையது என்றேன். "சட்டத்தில பழசு புதுசு எண்டு ஒரு கோடு இல்லையே. முதல் பட்டியலில வெறும் பட்டி எண்டு இருந்திருந்தா நான் ரெண்டு கிழமையில எடுத்திருப்பன். ஆர் இதை இவ்வளவு விபரமா எழுதுவிச்சது?" என்று கேட்டார். நான் கோப்பைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஹல்ஸ்ட்ரொப் வீதியில் மழை. பஸ் வரும் வரைக்கும் குடையை விரிக்காமல் நின்றிருந்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் என் கடிதங்களால் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் மாதம் ஒரு நாள், ஏனென்று ஒருவருக்கும் தெரியாமல், வழக்குப் போடாமல் மாமாவை விட்டுவிட்டார்கள். அதற்குள் விசாவுக்கான நாள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வெளிநாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. பேலியகொடை மீன் சந்தையில் கணக்கப்பிள்ளை வேலைக்குப் போனார், வத்தளையில் கலியாணம் செய்தார், அங்கேயே இருந்துவிட்டார். அவர் போக வேண்டிய ஊருக்குத்தான் நீ போனாய். உன்னை வழியனுப்ப அவரும் வந்து, உன் பெட்டியைத் தூக்கி வான் வண்டியில் வைத்தார். அன்றைக்கு நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெலிபோனை வைத்த மறுநாள் ஞாயிறு. இதை உனக்கு எழுதுவதென்றால் முதலில் மாமாவுக்குச் சொல்ல வேண்டும். பஸ் ஏறி, களனிப் பாலத்தில் இறக்கி ஏற்றிச் சோதனை போட்டு, வத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். மாமி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். மாமா ஒரு மேசை மின்விசிறியைக் கழற்றி விறாந்தையில் பரப்பி வைத்திருந்தார். நீ அனுப்பிய பட்டிப் படங்கள் நாலையும் அவருக்குக் காட்டினேன். பிறகு அன்று அந்த அறையில் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான், அது எனக்குத் தெரியும்" என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"உள்ள போய் மூண்டாம் மாசம். எனக்கு அப்ப சிங்களம் ஒரு சொல்லும் விளங்காது. ஆனா நீங்கள் விரலை விட்டு விட்டுக் காட்டினது கண்ணுக்குள்ள நிண்டது. 'பதரொம்' எண்ட சொல்லும் காதில நிண்டது. அங்க காலி ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருந்தவன், சிங்களமும் தெரிஞ்சவன், அவனட்டைக் கேட்டன். அவன் சொன்னான்."

பதினொரு வருடம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"என்னத்தைக் கேக்கிறது? கிழமைக்கு ஒருக்காப் பார்க்க வருவியள். கம்பிக்கு அங்கால நிண்டு அந்தப் பட்டியைப் பத்தித்தான் கதைப்பியள். அந்த வருசம், இந்தக் குறி, இன்னார் கடிதம் தந்திருக்கிறார். பத்து நிமிசமும் அதிலயே போயிடும். சாப்பிட்டியோ எண்டு ஒரு நாளும் கேட்டதில்லை, அத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. விலைச்சிட்டையை வாசிக்கிற மாதிரிச் சொன்னார். பிறகு அவரே பட்டிப் படம் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "பெடியனட்டைச் சொல்லுங்கோ, இப்ப இடுப்புப் பெருத்துப் போச்சு, இதைச் சுத்திக் கட்டக் காணாது. சந்தைக்குள்ள ஈரத்துக்க நிண்டு கால் அழுகுது. ஒரு நல்ல சப்பாத்துக் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். அது இடுப்பில் கட்டுகிற பட்டி அல்ல, தோளுக்குக் குறுக்கே போடுவது. சொல் பல்லு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். ஓம், சொல்லுறன் என்றேன்.

உன்னிடம் நான் என்ன கேட்கிறேன் என்பது இப்போது உனக்கு விளங்கும். சரியான பேப்பர் இருந்தால் பயமில்லை என்று நீ சொன்ன வசனம் என்னுடையது; சின்ன வயதில் இருந்து உனக்கு நான் ஓதி ஓதித் தந்தது. எதையும் சரியான பெயரால் சொல், விபரமாகச் சொல், உண்மை ஒருவனைக் காப்பாற்றும் என்றேன். பொய் சொல் என்று இப்போதும் உனக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் உன் முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவன் எழுதுவது சரியா பிழையா என்று பார்ப்பதற்கு முதல், சுவரோடு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார். நான் பார்க்கவில்லை. கட்டுநாயக்கவில் உன் சான்றிதழை நீட்டி, இது இன்ன வருடத்துப் படைப் பட்டி என்று நீ அழகான இங்கிலிஷில் விளக்கப் போகிறாய். நீ விளக்குவதை அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு எழுதிக்கொள்வார்கள். அப்போது சுவரோடு நிற்பவன் நீதான்.

இதை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். அம்மா வாசித்துவிட்டாள். முதல் தாளின் மூலையில் தேத்தண்ணீர்க் கோப்பையின் வட்டம் இருக்கிறது, நீயும் காண்பாய். இன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள், ஆனால் பக்கத்தில் இருக்கவில்லை. அந்தக் கணக்கை நானும் அவளும் பார்த்துக்கொள்வோம், அதில் நீ வர வேண்டாம்.

நாலு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் பட்டி என்ன, எந்த வருடம், விற்றவன் எழுதித் தந்தது சரியா என்று கேட்டிருந்தாய். என் பதில்: அது ஒரு பழைய தோல் பட்டி.

இதற்குள் மடித்து ஒரு தாள் வைத்திருக்கிறேன். மாமாவின் காலைச் சீமெந்துத் தரையில் தாளுக்கு மேல் வைக்கச் சொல்லி, நானே குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தது. எட்டாம் இலக்கம் என்று அவர் சொல்கிறார், அதை நம்பாதே, வரைந்த கோட்டை வைத்து வாங்கு. இடது கால் வலதை விடக் கொஞ்சம் அகலம். அதன் சின்னவிரல் பக்கத்து விரலுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. பதினொரு வருடமும் அந்தக் காலை நான் கண்டிருக்கிறேன், ஏனென்று கேட்டதில்லை. வரைந்த அன்றைக்குக் கேட்டேன். சொன்னார். அதை எழுத மாட்டேன்; நீ வந்த பிறகு அவரே சொன்னால் கேள். அந்த விரலில் அமத்தாத மாதிரி முன்பக்கம் அகலமான சப்பாத்தாகப் பார்த்து வாங்கு. கடைக்காரனிடம் தாளைக் கொடுத்து இரண்டு தரம் அளந்து பார்க்கச் சொல். இதில் மட்டும் ஒரு நூலளவும் பிழை வரக் கூடாது.

அப்பா